காணாமல் போனோருக்கான ஜெபம்

— எங்க, அந்த வரிய இன்னொருக்கா வாசிங்க, பாஸ்டர் ஐயா.

— கட்டின புருசனப் பாஸ்டர் ஐயா எண்டு கூப்பிடாதகா, உசா.

— புருசனோட பிறகு கதைக்கிறன். நாளைக்குச் சேர்ச்சில ஜெபம் பண்ணப்போற பாஸ்டரத்தான் கேக்கிறன். வாசிங்க.

— "ஆண்டவரே, காணாமல் போன எங்கள் பிள்ளைகளை..."

— போன. இத்தன வருசமா "காணாமல் ஆக்கப்பட்ட" எண்டு சொன்ன வாய். இப்ப "போன". எங்க போனான் என்ட தம்பி? சந்தைக்கு மீன் வாங்கவா? என்ட கையப் புடிச்சிக்கொண்டு நிண்ட துலக்சன இழுத்துத்தானே வேன்ல ஏத்தினாங்க.

— பொறுகா. அயலுக்குக் கேக்கும்.

— கேக்கட்டும். புதன்கிழம சீ.ஐ.டி.க்காரர் ரெண்டு பேர் வந்து விசாரிச்சாங்களே, அந்தப் பயம்தானே? மனித உரிமையப் பிரசங்கத்தில கலக்க வேணாம் எண்டாங்களா?

— ஓம், அப்பிடித்தான் சொன்னாங்க.

— நீங்க?

— மனுசனத் தேவன் தன்ட சாயலாப் படைச்சார் எண்டு வேதத்தில முதல் அதிகாரமே சொல்லுது, அதக் கிழிச்சிப்போட்டா பிரசங்கம் பண்றது எண்டு கேட்டன்.

— வாய் நல்லாத்தான் இரிக்கு. பேனைதான் நடுங்குது.

— உசா...

— றினாஸ்ட உம்மா ஏன் நம்மட சேர்ச்சுக்கு வந்து கடைசி வாங்கில இரிக்கிறா? பாட்டுக் கேக்கவா? அவட மகன்ட பேரச் சத்தமாச் சொல்ற இடம் ஊருக்குள்ள இது ஒண்டுதான். சாரதாதேவி அக்கா சைவம். அவ கோமாரியில இருந்து பஸ் ஏறி வாறா. எங்கட புள்ளையள ஆரோ கொண்டு போனாங்க எண்டு பயமில்லாமச் சொல்ல ஒரு மனுசன் இரிக்கார் எண்டுதானே வாறாங்க. நீங்க "போன" எண்டா, அவனுகள் தானாப் போனானுகள் எண்டாயிடும். செஞ்சவன் கையத் தொடச்சிட்டுப் போயிருவான்.

— அது எனக்குத் தெரியாதா?

— தெரிஞ்சா திருத்துங்க. இல்லாட்டி நானே சபைக்கு நடுவில எழும்பி நிண்டு சொல்லுவன். பாஸ்டர்ட பொஞ்சாதி எண்டெல்லாம் பாக்க மாட்டன்.

— நீ சொல்லுவாய். எனக்குத் தெரியும்.

— மத்தவங்கள விடுங்க. முன் வாங்கில எங்கட அம்மா இரிப்பா. அவனப் பெத்தவ. அவட முகத்தப் பாத்து அந்தச் சொல்லச் சொல்ல ஏலுமா ஒங்களால?

— மாமிதான் கேட்டா, உசா.

— என்ன கேட்டா?

— ஒனக்குச் சொல்லப்படாதெண்டு சத்தியம் வாங்கிற்றா. "ஆக்கப்பட்டவன் எண்டா, ஆரோ என்னமோ செஞ்சு முடிச்சிட்டாங்க எண்டு காதில விழுது, மகன். ஒருக்காவாவது போனவன் எண்டு சொல்லுங்க. போனவன் எண்டா, வருவான்தானே."