எங்க வீட்ல ஈ-ன்னா ஃபுல்லு

பேசாதீங்கண்ணே, வாயில நாலு ஸ்குரூ வச்சிருக்கீங்க, முழுங்கித் தொலைச்சுடப் போறீங்க. ஆமான்னா தலையை ஆட்டுங்க. அட, தலைதான் டேஷ்போர்டுக்குக் கீழ போயிடுச்சே. அப்ப காலை ஆட்டுங்க, போதும். டார்ச்சு சரியாப் பிடிச்சிருக்கேன்ல? இருபத்திரெண்டு வருஷமா இந்தக் கார் ஷெட்டுல டார்ச்சு பிடிக்கறதுதான் எனக்கு உத்தியோகம். வேற எதுக்கும் எங்க வீட்டுக்காரர் என்னை இங்க கூப்பிட்டதில்ல.

ஸ்பீடு மீட்டரு, சூடு மீட்டரு எல்லாம் உங்க சௌகரியம். கோணலா மாட்டினாலும் வாயே திறக்கமாட்டேன். ஆனா இந்தப் பெட்ரோல் மீட்டரு மட்டும் அஞ்சு மணிக்குள்ள உண்மையைச் சொல்லணும். ஆறு மணிக்கு மனுஷன் வந்துடுவார். எங்கயோ பழைய காரையெல்லாம் வரிசையா நிறுத்திக் காட்டறாங்களாம், அதைப் பாக்கப் போயிருக்கார். எதுலயா? பஸ்லதான்! சிரிக்காதீங்க, ஸ்குரூ, ஸ்குரூ. மூணு மீட்டரும் செத்துப்போன வண்டியை அங்க கொண்டுபோனா மத்த கிழவனுங்க கிண்டல் பண்ணுவானுங்களாம். இந்தப் புது செட்டை வாங்கி ஏழு மாசமாச்சு. தினம் டப்பாவைத் திறப்பார், துடைப்பார், மூடிடுவார். நல்ல மூடு வரணுமாம் மாட்டறதுக்கு.

இல்லண்ணே, நீங்க வந்திருக்கறது அவருக்குத் தெரியாது. சர்ப்ரைஸான்னா... ஆமா, அப்படித்தான் வச்சுக்குங்களேன்.

இப்பக் கழட்டினீங்களே, அந்தப் பழைய பெட்ரோல் மீட்டர், அது அவர் கையால மாட்டினது. டேங்குல மிதக்குதே மிதவை, அது ஒரு வண்டியோடது. மீட்டர் வேற ஏதோ வண்டியோடது. ரெண்டும் பங்காளிங்க மாதிரி, இது ஏறினா அது இறங்கும். டேங்க் ரொம்பினா முள்ளு ஈ-யில போய் உக்காரும். காலியானா எஃப்ல நிக்கும். கழட்டி ஒழுங்கா மாட்டுங்களேன்னேன். எதுக்கு, நாம மாத்திப் படிச்சுக்கிட்டாப் போச்சுன்னுட்டார். பதினெட்டு வருஷம் மாத்திப் படிச்சோம்ண்ணே. ஊருக்கெல்லாம் ஈ-ன்னா காலி, எங்களுக்கு ஈ-ன்னா ஃபுல்லு, எஃப்னா காலி.

அது வீட்டுப் பாஷையாவே ஆயிடுச்சு. சாப்பிடும்போது இன்னும் கொஞ்சம் போடட்டான்னு கேட்டா, போதும், எனக்கு ஈ-ம்பார். ஒரு நாள் அவரோட மேனேஜர் சாப்பிட வந்தார். நான் கரண்டியோட போறேன், இவர் தட்டை மறைச்சுக்கிட்டு ஈ, ஈங்கறார். பாவம் அந்த மேனேஜர், கண்ணாடியை எடுத்து மாட்டிக்கிட்டு தன் தட்டுல தேட ஆரம்பிச்சுட்டார். அப்புறம் ஒரு வாய் உள்ள இறங்கலையே அவருக்கு! தண்ணியைக் கூட வெளிச்சத்துல தூக்கிப் பாத்துட்டுத்தான் குடிச்சார்.

கெட்டவர்னு சொல்லமாட்டேன். அடிச்சதில்ல, திட்டினதில்ல. எனக்கு நூத்தி மூணு காய்ச்சல் அடிச்சப்ப நெத்தியில கை வச்சுப் பாத்தார், பொய் சொல்லக்கூடாது. பாத்துட்டு, ஐயோ ரேடியேட்டருக்குத் தண்ணி ஊத்தலையேன்னு எழுந்து ஓடிட்டார்.

வெளிச்சம் பத்தலையா? இருங்க, கையை மாத்திக்கறேன்.

எட்டு மாசம் முன்னாடி ஒரு நாள் இந்த வண்டியை எடுத்துட்டுக் கிளம்பினேன். எங்க அக்கா வீட்டுக்கு, இருநூறு கிலோமீட்டர். ஒரு பெட்டியைப் பின் சீட்டுல போட்டுக்கிட்டேன். சாவியைத் திருகினா முள்ளு கண்ணுக்கு அழகா ஈ-யில நிக்குது. ஃபுல்லுன்னு நம்பிப் போறேன், பாலத்து நடுவுல பொசுக்குனு நின்னுடுச்சு. பின்னாடி லாரிக்காரன் ஹாரன்லயே என் பரம்பரையைத் திட்டறான். என்ன பண்றது, அவருக்கே போன் போட்டேன். ஆட்டோவுல வந்தார், கையில பெட்ரோல் கேனு. வந்ததும் என்ன கேட்டார் தெரியுமா? ஞாயித்துக்கிழமையே மிதவையை மாத்தி மீட்டரைச் சரி பண்ணிட்டேனே, உன்கிட்ட சொல்லலையாங்கறார். எங்கண்ணே சொன்னார்? பதினெட்டு வருஷம் தலைகீழாக் காட்டினதை நிமித்தி வச்ச மனுஷனுக்கு, கட்டினவகிட்ட ஒரு வார்த்தை சொல்லத் தோணலை.

பெட்ரோலை ஊத்தினார். அப்புறம் பின் சீட்டுல இருந்த பெட்டியைப் பாத்தார். ஒரு நிமிஷம் நல்லாப் பாத்தார். கேளுய்யா, எங்கடி கிளம்பினேன்னு கேளு, கேட்டா நடுப்பாலத்துலயே எல்லாத்தையும் கொட்டிடறேன்னு நிக்கறேன். பெட்டி மூலை சீட்டைக் கிழிச்சிடும், கீழ வைன்னார்.

சத்தியமாண்ணே. கீழ வச்சேன். பக்கத்துல உக்காந்து வீடு வரைக்கும் அழுதுக்கிட்டே வந்தேன். கண்ணாடியை இறக்கிவிடு, பெட்ரோல் வாடை கண்ணைக் கரிக்கும்னார்.

அடுத்த ரெண்டே வாரத்துல அந்த மீட்டரும் பொட்டுனு போயிடுச்சு.

முடிஞ்சுதா? சாவியைத் திருகட்டுமா? காலையில பங்க்ல நானே நின்னு டேங்கை ரொப்பிட்டு வந்தேன். அட... அட, ஏறுதுண்ணே! எஃப்! எஃப்ல நிக்குது! அதாவது ஃபுல்லு. ஃபுல்லுன்னா ஃபுல்லு. பாருங்க, நாக்கே வரமாட்டேங்குது.

உங்க பையை டிக்கியில வச்சீங்கள்ல, பாத்து எடுங்க, பக்கத்துல என் பெட்டி இருக்கு. ஆமா, அதே பெட்டிதான். சீட்டுல வைக்கலை, கிழிஞ்சிடுமே.

முழிக்காதீங்கண்ணே. அந்தப் பழைய பெட்ரோல் மீட்டரை இங்க குடுங்க. முள்ளு ஈ-யிலதானே செத்துக் கிடக்கு? சாப்பாட்டு மேஜையில அவர் தட்டுல வச்சுட்டுப் போறேன். லெட்டர் எழுதினா மூக்குக்கண்ணாடி எங்கன்னு என்னைத்தான் தேடுவார். மீட்டர்னா உடனே படிச்சுடுவார். எனக்குப் போதும்னு புரிஞ்சுக்குவார்.

பஸ்ல போகலாமேங்கறீங்களா? போகலாம். ஆனா நான் பஸ்ல போனா தேடிக்கிட்டு வருவாரான்னு எனக்கே நிச்சயமில்லண்ணே. வண்டியைத் தேடிக் கண்டிப்பா வருவார். வரட்டும். அக்கா வீட்டு வாசல்லயே நிறுத்தி வைக்கறேன். ரெண்டு சாவியும் என்கிட்டதான் இருக்கு. சாவியைக் கேக்கறதுக்காவது என் மூஞ்சியைப் பாத்து வாயைத் திறந்துதானே ஆகணும்?