முதலாவதைக் கொடு

பிலிப்பைன்ஸின் இலோயிலோ நகரத்தில் எங்கள் அலுவலகத்துக்கு மாலைப் பலகாரம் வாங்கி வருவது நான்தான். சர்க்கரை பூசிப் பொரித்த வாழைப்பழம். நல்ல மனுஷன் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள், நீங்களே விசாரித்துப் பாருங்கள் சார்.

ஆஸ்பத்திரிகளுக்கு மென்பொருள் எழுதுகிறோம். நோயாளிக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்று காட்டும் திரையை எழுதியவள் மைலீன். என்னைவிட ரொம்ப இளையவள். எனக்கு வரவேண்டிய தலைமைப் பொறுப்பு அவளுக்குப் போயிற்று. வயிறு எரிந்தது, உங்களிடம் அதை மறைக்கவில்லை.

விஷயம் எளிது. தகவல் இரண்டு விதமாக வரும். அரே என்பது வரிசை. 'முதலாவதைக் கொடு' என்று இடத்தைச் சொல்லிக் கேட்க வேண்டும். ஆப்ஜெக்ட் என்பது பெயர் ஒட்டிய டப்பாக்கள். பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும். அதனிடம் போய் முதலாவதைக் கேட்டால் சண்டை போடாது, பேசாமல் கையை விரித்துவிடும். ஒத்துக்கொள்ளாத மருந்துகள் பல இருந்தால் ஆஸ்பத்திரி அதை அரேயாக அனுப்பும். ஒன்றே ஒன்று என்றால் ஆப்ஜெக்டாக அனுப்பும். மைலீன் எப்போதும் முதலாவதையே கேட்டு எழுதியிருந்தாள். ஒற்றை மருந்துக்காரர்களுக்குத் திரை 'எதுவும் இல்லை' என்று காட்டும்.

சரிபார்க்க வேண்டியவன் நான். பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. பிரமாதம் என்று ஒப்புதல் கொடுத்தேன். ஒருவர் பிழையை முகத்துக்கு நேரே சொல்லிச் சங்கடப்படுத்துவது எங்கள் ஊர் வழக்கமில்லை.

ஒரு மாலை பதறிக்கொண்டு என் மேசைக்கு வந்தாள்.

"அண்ணே, அம்மாவுக்கு நெஞ்சுல சளி கட்டி, பேசக்கூட முடியல. நம்ம புரோகிராம் ஓடுற ஆஸ்பத்திரியிலதான் சேத்திருக்கேன்."

"எந்த மருந்தாவது ஒத்துக்காதா?"

"பெனிசிலின் ஒண்ணுதான். திரையில வந்துடும். எதுக்கும் ஓடிப்போய் ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துடவா?"

"ஏம்மா, உன் வேலைமேல உனக்கே நம்பிக்கை இல்லையா? உக்காரு, பழம் ஆறிடப்போவுது."

சிரித்துவிட்டு உட்கார்ந்தாள். எனக்கு வைத்திருந்ததையும் அவளுக்கே கொடுத்தேன். பெனிசிலின் ஊசி அந்த நேரத்தில்தான் ஏறியது என்று பிறகு சொன்னார்கள்.

அடக்கம் முடிந்து வந்து பிழையை அவளே கண்டுபிடித்தாள். "நான்தான்ணே அம்மாவைக் கொன்னுட்டேன்" என்று என் தோளில் சாய்ந்து அழுதாள். முதுகைத் தட்டிக்கொடுத்தேன்.

ஆமாம் சார், அவள் அம்மாவுக்கு அந்தத் திரை என்ன காட்டும் என்று தெரிந்தேதான் உட்காரச் சொன்னேன். ஆனால் அப்போதும் அவள் தப்பை அவளிடம் நான் சொல்லவில்லை, பாருங்கள். யார் மனதையும் நோகடித்து எனக்குப் பழக்கமில்லை.