வரையறுக்கப்பட்ட நட்டம்

மார்ச் மூன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது மணி பத்து நிமிடம். தூறல். குடையை மடித்து, தரை நனையாதபடி வாளியில் நிறுத்திவிட்டுத்தான் அலுவலக அறைக்குள் போனேன். குடையில்லாமல் நான் வெளியே போனதில்லை, ஐயா. "மச்சான், நீங்க குளிக்கப் போனாலும் குடையோட போற ஆளு," என்பார் மாப்பிள்ளை. என் தங்கையின் கணவர். என் தொழில் கூட்டாளி.

எங்கள் தொழில் பங்குச் சந்தையில் ஆப்ஷன் வணிகம். ஆப்ஷன் என்பது, சந்தை சரிந்தால் வாங்கியவருக்கு விற்றவர் ஈடு தர வேண்டிய ஒப்பந்தம், காப்பீடு மாதிரி. அதில் ஸ்பிரெட் என்பது எளிய ஏற்பாடு. சந்தை பெரிதாகச் சரியாது என்று நம்பி ஓர் ஆப்ஷனை விற்போம். நம்பிக்கை பொய்த்தால் கைகொடுக்க, அதைவிடத் தாழ்ந்த விலைப்புள்ளியில் இன்னொன்றை வாங்கி வைப்போம். அதுதான் ஹெட்ஜ். அது இருக்கும்வரை நட்டத்துக்கு ஓர் எல்லை உண்டு.

அன்று காலை சந்தையில் பீதி பரவியது. பீதியில் ஹெட்ஜின் விலை உப்பும், தணிந்தால் வடிந்துவிடும். உப்பிய விலையில் விற்று, வடிந்ததும் திரும்ப வாங்கிவிடலாம் என்று கணித்தேன். மாப்பிள்ளை வங்கிக்குப் போயிருந்தார். அவருக்காகக் காத்திருக்கலாம், விலை காத்திருக்காது. விற்றேன். பீதி தணியவில்லை.

பிற்பகலில் வந்தவர் திரையைப் பார்த்தபடி நின்றார்.

"மச்சான், ஹெட்ஜ் எங்க?"

"வித்தாச்சு. திரும்ப வாங்கிடலாம்."

"ரெண்டு பேரும் பேசாம அதத் தொடக் கூடாதுன்னு சொன்னதே நீங்கதானே? வீட்ட அடமானம் வெச்சிருக்கேன், மச்சான்."

பிறகு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். அவர் கை பட்ட சுழல் நாற்காலி உருண்டு சுவரில் மோதியது.

சந்தை மூட இருபது நிமிடம் இருந்தது. விலை அப்போதுதான் எங்கள் பக்கம் திரும்பத் தொடங்கியிருந்தது. என் வலக்கை மௌஸின் மீது இருந்தது; தொலைபேசி இடக்கைக்கு எட்டும் தூரத்தில். அவர் என் கால்சட்டையின் விளிம்பைப் பற்றியிருந்தார். காலை மெதுவாகத்தான் விடுவித்துக்கொண்டேன். இருபது நிமிடத்தையும் பயன்படுத்தி, முதலில் விற்றிருந்த ஆப்ஷனைப் படிப்படியாகத் திரும்ப வாங்கிக் கணக்கை முடித்தேன். தங்கையின் வீடு தப்பியது. அதன் பிறகு ஆம்புலன்ஸை அழைத்தேன்.

"எப்ப விழுந்தாரு?" என்று மருத்துவமனையில் கேட்டார்கள்.

"இப்பதான்," என்றேன்.

அடுத்த வாரமும் அவர் செயற்கைச் சுவாசத்தில் இருந்தார். தங்கை முகம் கழுவப் போயிருந்த வேளையில் மருத்துவர் என்னிடம் சொன்னார்: "சான்ஸ் கம்மி. ஆனா இல்லேன்னு சொல்ல மாட்டேன். காலையில விரல அசைச்சாரு. இன்னும் கொஞ்ச நாள் பாக்கலாம். மெஷின எடுக்கறதா இருந்தா, அவங்க மனைவி கையெழுத்துப் போட்டுக் குடுக்கணும்."

அவ்வளவு தொலைவில் உள்ள வாய்ப்பை நாள்தோறும் பணம் கொட்டிக் கையில் வைத்திருப்பது எங்கள் தொழிலில் பிழை. அவர் விழித்தால் முதலில் என்ன கேட்பார் என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் நான் எண்ணிப் பார்த்தது தங்கையின் செலவை மட்டுமே. தயவுசெய்து வாக்குமூலத்தில் இதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

ஈர முகத்தோடு வந்தாள். "டாக்டர் என்னண்ணா சொன்னாரு?"

"இனிமே ஒண்ணுமில்லம்மா. அவரக் கஷ்டப்படுத்த வேண்டாம்."

அழவில்லை. நான் நீட்டிய ஒப்புதல் படிவத்தை மடியில் வைத்துக் கையெழுத்திட்டாள். "நீ பக்கத்துல இருக்கறதாலதான் எனக்குப் பயமே இல்ல, அண்ணா."

வெளியே மீண்டும் தூறல். மருத்துவரின் அறை எதிர்க்கட்டடத்தில் இருந்தது. முற்றத்தைக் கடக்கையில், அவள் கையெழுத்தில் ஒரு துளியும் படாதபடி குடையைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டேன். மருத்துவர் கை நீட்டினார். கொடுத்தேன்.