மயிரிழை விலகல்

இந்த அறையின் வெளிச்சம் நன்றாக இருக்கிறது, ஐயா. எங்கேயும் நிழல் விழவில்லை. எங்கள் அச்சுப் பட்டறைக்கு இப்படி ஒரு விளக்குப் போடச் சொல்லி அண்ணனிடம் பலமுறை கேட்டேன். காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

அவர் வரைவது கட்டமும் வட்டமும் கோடும்தான். ஆனால் பார்த்துக்கொண்டே இருந்தால் தாள் நடுவில் புடைக்கும், கோடுகள் ஓடும். அதை நான் திரை அச்சில் நாற்பது பிரதி எடுப்பேன். பிறகு திரையைக் கழுவி அழித்துவிடுவோம், நாற்பத்தொன்றாவது கிடையாது. மதிப்பே அதில்தான். கறுப்பின் மேல் சிவப்பு மயிரிழை பிசகாமல் உட்கார வேண்டும்.

கண்காட்சியில் யாரோ என்னைக் காட்டி விசாரித்தார்கள். "நம்ம தம்பிதான். மை தள்ளுவான்" என்றார் அண்ணன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அண்ணியும் சிரித்ததுதான் நெஞ்சில் தங்கிவிட்டது.

அடுத்த வாரம் சோதனைத் தாளில் சிவப்பை மயிரிழை நகர்த்தி அடித்தேன்.

"வலப்பக்கம் கோடு சரியுதேடா."

"எனக்கு நேராத்தான் தெரியுதுண்ணா."

அவர் முகம் கழுவப் போனார். அதற்குள் சரியான தாளை மேசையில் மாற்றி வைத்துவிட்டு, அண்ணனுக்குக் கோடு சரிகிறதாம் என்று அண்ணியைக் கூப்பிட்டேன். அண்ணன் திரும்பி வரவும், "நேராத்தானே இருக்கு, உங்களுக்கு என்னங்க ஆச்சு?" என்றார் அண்ணி. அவர் குனிந்து பார்த்தார். நேராகத்தான் இருந்தது. அப்போது அவர் முகம் போன போக்கு எனக்குப் பிடித்திருந்தது.

பிறகு அடிக்கடி செய்தேன். கண் டாக்டர் ஒரு குறையும் இல்லை என்றார். அதுதான் அவரை உடைத்தது. கண்ணில் கோளாறு இல்லையென்றால் மூளையில்தானே. படி இறங்கக்கூட என் தோளைப் பிடித்தார். அளவுகோலை நீட்டி, "இது நேரா இருக்கா பாரு" என்பார்.

அதோடு நிறுத்தியிருப்பேன். நான் கல்நெஞ்சக்காரன் இல்லை. ஆனால் போன வாரம் பட்டறையை மூடப்போவதாகச் சொன்னார். நான் நடத்துகிறேன் என்றேன்.

"சொந்தமா ஒரு கோடு யோசிக்க முடியுமாடா உன்னால? எதுக்கு வீண் ஆசை?"

குரலில் கோபம்கூட இல்லை.

மறுநாள் கட்டடச் சொந்தக்காரரிடம் பட்டறைச் சாவியைக் கொடுக்கக் கிளம்பினோம். சாலையைக் கடக்க நின்றபோது ஒரு லாரி வந்துகொண்டிருந்தது. வேகமாகத்தான். அண்ணன் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"அது வர்ற மாதிரி இருக்குடா. வருதா, நிக்குதா?"

"நிக்குதுண்ணா. போங்க."

என் தோளிலிருந்த அவர் கையை மெல்ல எடுத்துவிட்டேன். ஹார்ன் சத்தம் கேட்டது. அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். தலையாட்டினேன். காலை எடுத்து வைத்தார்.

லாரி டிரைவரை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள், ஐயா. அவர்மேல் தப்பில்லை. அண்ணன் சாகட்டும் என்றுதான் அப்படிச் சொன்னேன், எழுதிக்கொள்ளுங்கள். ஆனாலும் நீங்களே யோசித்துப் பாருங்கள். அவர் தன் கண்ணை நம்பியிருந்தால் இன்றைக்கு உயிரோடு இருந்திருப்பார்.