சிரிப்பு ராணியின் இடது கால்

— வலிக்குதுன்னு யாரும்மா சொன்னது? பாப்பாவா?

— பாப்பா எங்க டாக்டர் பேசுவா? எட்டு வருஷமா நீங்கதானே பாக்கறீங்க.

— அதான் கேக்கறேன். இந்தப் படிவத்துல 'வலியின் அளவை நோயாளியே சொல்ல வேண்டும்'னு போட்டிருக்கு. நீங்க ஒரு நம்பர் சொல்லி நான் எழுதினா, அது உங்க வலி ஆயிடும். புரியுதா?

— இடது கால் ரெண்டு விரல்கடை குட்டையாத் தெரியுது. துணி மாத்தப் போனா கட்டை மாதிரி விறைச்சுக்கறா. மூணு வாரமா அவளும் தூங்கல, நானும் தூங்கல. இடுப்பு மூட்டு விலகியிருக்குமோன்னு பயமா இருக்கு. ஒரே ஒரு எக்ஸ்ரே எழுதிக் குடுங்க.

— மூளை முடக்குவாதம்னா உடம்பு விறைக்கத்தாம்மா செய்யும். வலி இல்லாத இடத்துக்கு எக்ஸ்ரே எழுதினா மேலேர்ந்து கேப்பாங்க. போன வாரம் எனக்குக் கழுத்து பிடிச்சுக்கிச்சு. ரெண்டு எக்ஸ்ரே, ஒரு ஸ்கேன். உள்ள ஒண்ணுமே இல்ல.

— அப்ப உங்களுக்கு எதுக்கு எடுத்தாங்க?

— வலிக்குதுன்னு நான் வாயத் திறந்து சொன்னேனே. சரி, உங்களுக்கும் மனசு கேக்காது. படுக்க வைங்க. இதோ, முட்டியப் பிடிச்சு இப்படி விரிக்கறேன்... பாத்தீங்களா? கலகலன்னு சிரிக்கறா. நம்ம சிரிப்பு ராணியாச்சே.

— அந்தச் சிரிப்பப் பத்தித்தான் டாக்டர் சொல்ல வந்தேன்...

— நீங்க என்ன சொல்றது, ஊரே சொல்லுது. வாசல்ல 'வலியில்லா மருத்துவம்'னு பெரிய படம் மாட்டியிருக்கோமே, அதுல யாரு? இவதானே. இன்னும் கொஞ்சம் விரிச்சா இன்னும் சிரிக்கறா பாருங்க. வலிக்கிற பிள்ளை இப்படிச் சிரிக்குமா?

— காலை விடுங்க டாக்டர்.

— விட்டாச்சு, விட்டாச்சு. எழுதணும்ல. வலி, பூஜ்யம்... என்னம்மா, பாப்பா சட்டுனு அமைதியாயிட்டா?

— நீங்க காலை விட்டுட்டீங்கல்ல.

— அதுக்கு?

— சந்தோஷம்னா அவ சத்தமே போட மாட்டா. என் விரலப் பிடிச்சுக்கிட்டு கண்ண மூடிப்பா. போன மாசம் கதவிடுக்குல கை நசுங்கி நகம் கறுத்துப்போச்சு. அன்னைக்கும் இதே சிரிப்புதான். அப்பத்தான் எனக்கு உறைச்சுது. நான் பாவி, நீங்க சொல்லிக்குடுத்தபடி தினமும் காலை விரிச்சு விட்டேன். சிரிக்கறாளேன்னு கூட ரெண்டு தடவை வேற.

— ...இருங்க. எக்ஸ்ரே எழுதறேன். அவசரம்னே போடறேன்.

— போடுங்க.

— ஆனா வாசல்ல இருக்கிற அந்தப் படத்துல அவ்வளவு அழகாச் சிரிச்சிருக்காளேம்மா?

— படம் எடுக்கறவர் பிள்ளையைச் சிரிக்க வைக்கச் சொன்னாரு. அரை மணி நேரம் நீங்கதான் டாக்டர் அவ காலை விரிச்சுப் பிடிச்சுக்கிட்டு நின்னீங்க.