டிக்கி ரப்பருக்கு அடியில்

இல்லை, பால் வேண்டாம், சார்ஜென்ட். கறுப்பாகவே குடித்துப் பழகிவிட்டேன். சூடாக இருந்தால் போதும்.

எங்கே விட்டேன்? ரிவெட்டில். டேஷ்போர்டின் இடது மூலையில், கண்ணாடிக்குக் கீழே ஒரு சின்னத் தகடு இருக்கும். காரின் எண் அதில்தான் இருக்கிறது. அந்தத் தகட்டைப் பிடித்திருக்கும் ரிவெட்டுகளின் தலை பூ மாதிரி இதழ் இதழாக இருக்கும். பழைய கார் வாங்குகிறவர்கள் எல்லாரும் முதலில் அதைப் பார்த்துவிட்டு மயங்கிப்போவார்கள். நான் அதைக் கடைசியாகத்தான் பார்ப்பேன். ஒரு காரிலிருந்து தகட்டைக் கழற்றி இன்னொரு காரில் அடிப்பது பெரிய வித்தை இல்லை. கியர்பாக்ஸிலும் எஞ்சினிலும் எண் இருக்கும். அவற்றையும் இடம் மாற்றிவிடலாம்.

காரின் உடம்பில் அடித்த எண்ணைத்தான் மாற்ற முடியாது. என்னுடைய காலத்துச் சேலஞ்சர் காரில் அது இரண்டு இடத்தில் இருக்கிறது. முன்னால், ரேடியேட்டரைத் தாங்கும் சட்டத்தில். பின்னால், டிக்கியைச் சுற்றி ஓடும் ரப்பரைத் தூக்கினால் தெரியும் விளிம்பில். மெலிதாக அடித்திருப்பார்கள். டார்ச்சை நேராகப் பிடித்தால் ஒன்றும் தெரியாது. சாய்த்துப் பிடிக்க வேண்டும். அப்போதுதான் நிழல் விழுந்து எண் எழுந்து நிற்கும்.

இதையெல்லாம் நீங்கள் கேட்கவில்லை, தெரியும். ஜாக்கி எப்படி இறங்கியது என்றுதான் கேட்டீர்கள். ஞாயிற்றுக்கிழமை உங்களிடம் நழுவிவிட்டது என்று சொன்னேன். இன்று சரியாகச் சொல்லப் போகிறேன். ஆனால் அந்த எண்ணைப் பற்றித் தெரியாமல் ஜாக்கியைப் பற்றி மட்டும் கேட்டால் என்னை ஏதோ கோபக்காரன் என்று நினைத்துவிடுவீர்கள். நான் கோபப்படுகிறவன் இல்லை. எங்கள் ஊர் ஹாம்ட்ராம்க்கில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

கார் தொழிற்சாலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு இதுதான் என் வேலை. டிட்ராய்ட்டைச் சுற்றி எங்கே கார் சந்தை நடந்தாலும், கை மாறும் முன் "குபியாக் பாத்தாச்சா?" என்று கேட்பார்கள். நான் பார்த்து ஆமாம் என்றால் ஆமாம். இல்லை என்றால் இல்லை. ஒருமுறை டேட்டனில் ஒருவர் தன் இறந்துபோன அப்பாவின் காரைக் கண்டுபிடித்துவிட்டதாகச் சொல்லி என்னைக் கூட்டிப்போனார். காரின் மேல் கன்னத்தை வைத்துக்கொண்டு நின்றார். நான் டார்ச்சைப் பிடித்துப் பார்த்துவிட்டு, இது உங்கள் அப்பா தொட்ட வண்டி இல்லை என்றேன். அவர் நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். துடைத்துக்கொள்ளக் கைக்குட்டை கொடுத்தேன். பொய் சொல்லியிருக்கலாம் என்று ஐரீன் அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. ஐரீன் என் மனைவி. நல்லவள். ஆனால் அவளுக்கு இந்த விஷயம் பிடிபடாது.

எனக்கு ஒரு விதி உண்டு. எல்லா இடத்தையும் பார்த்து முடிக்காமல் வாயைத் திறக்கமாட்டேன்.

என் சொந்த வண்டியை இருபது வயதில் வாங்கினேன். ஊதா நிறம். நான் கதவு பொருத்திக்கொண்டிருந்த அதே தொழிற்சாலையில் செய்தது. கடைசி ஆறு எண்கள் ஒன்று, நான்கு, ஒன்பது, இரண்டு, இரண்டு, ஏழு. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். நேற்று நீங்கள் என் மகன் டேரனின் பிறந்த தேதியைக் கேட்டபோது ஐரீனைக் கேளுங்கள் என்று சொன்னதைக் குறித்துக்கொண்டீர்கள். பார்த்தேன். அதில் ஒன்றும் இல்லை. அவன் பனிக்காலத்தில் பிறந்தான் என்பது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஏனென்றால் அந்தப் பனிக்காலத்தில்தான் வண்டியை விற்றேன். இரண்டே கதவு. குழந்தையை வைத்துக்கொண்டு அதில் ஏறவும் இறங்கவும் ஐரீனால் முடியவில்லை. பிறகு நீளமான, பழுப்பு நிறக் குடும்ப வண்டி ஒன்றை வாங்கினோம்.

இதற்காக நான் அவனைக் குறை சொன்னதே இல்லை. விளையாட்டாக மட்டும் சொல்வேன். வீட்டுக்கு யாராவது வந்தால், "இதோ உக்காந்திருக்கானே, இவன்தான் என் சேலஞ்சர். பால் குடிக்கும், பெட்ரோல் குடிக்காது" என்பேன். எல்லாரும் சிரிப்பார்கள். டேரனும் சிரிப்பான். சிறு வயதில் ஒருநாள் ஐரீனிடம் போய், நான் பிறக்காமல் இருந்தால் அப்பாவிடம் அந்த வண்டி இருந்திருக்குமா என்று கேட்டானாம். அவள் அதை என்னிடம் சொன்னபோது அதையும் ஒரு வேடிக்கையாக நாலு பேரிடம் சொன்னேன்.

அவன் பள்ளிப் பேருந்து ஓட்டினான். கையில் வேலை நுணுக்கம் கிடையாது. ஸ்க்ரூ டிரைவரைத் தலைகீழாகப் பிடிப்பான் என்று கேலி செய்வேன். கடந்த சில வருடங்களாக ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு அவனும் அவன் மனைவி டெஸ்ஸும் வரும்போது அவன் முன்கையில் பொட்டுப் பொட்டாகத் தீக்காயம் இருக்கும். என்ன என்று நான் கேட்கவில்லை. சமையலில் ஏதோ என்று நினைத்துக்கொண்டேன்.

என் எழுபத்தைந்தாவது பிறந்தநாளுக்கு எங்கள் வீட்டு ஷெட்டில் ஒரு காரைத் துணி போர்த்தி நிறுத்தி வைத்திருந்தான்.

துணியை இழுத்தேன். அதே ஊதா. கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்து கதவைச் சாத்தினேன். அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். நான் அழுதேன் என்று டெஸ் உங்களிடம் சொல்லியிருக்கிறாள். உண்மைதான். டேஷ்போர்டில் என் எண் இருந்தது. ரிவெட்டுகள் அசல் மாதிரியே இருந்தன. இப்போதெல்லாம் அப்படித்தான் செய்து விற்கிறார்கள்.

சாப்பிடும்போது டேரன் கதையைச் சொன்னான். அவனுக்குக் கதை சொல்லவே வராது, அன்று நிறுத்தவே இல்லை. வருடக்கணக்காகத் தேடியிருக்கிறான். இந்தியானாவில் ஒரு சோளக் களஞ்சியத்தில் கிடந்ததாம். மூக்கு சேற்றில் புதைந்து, பின்பக்கம் மட்டும் காய்ந்த தரையில் இருந்ததாம். கோழிகள் உள்ளே முட்டையிட்டு வைத்திருந்ததாம். "ஒரு முட்டைய அப்படியே வச்சிருக்கலாம்னு பாத்தேன், அசல் பாகம்னு அப்பா சொல்லிடுவாரு" என்றான். ஐரீன் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு நான் எழுந்து அலமாரியைத் திறந்ததும் அவள் சிரிப்பு நின்றுவிட்டது.

"லென், இன்னிக்கி மட்டும் அந்த டார்ச்ச எடுக்காத."

சும்மா பார்க்கத்தான் என்றேன். டேரன் கோபித்துக்கொள்ளவில்லை. வாயைத் துடைத்துக்கொண்டு கூடவே வந்தான். "எடுக்கலேன்னாதான் ஒடம்பு சரியில்லயோன்னு பயந்திருப்பேன்" என்று அம்மாவிடம் சொன்னான்.

ஷெட்டில் நாங்கள் இருவர்தான். கியர்பாக்ஸ் எண்ணைப் பார்க்க வேண்டும் என்றேன். என் முழங்கால் மடங்காது, அதனால் தானே படித்துச் சொல்வதாகச் சொல்லி ஜாக்கியை ஏற்றினான். வண்டியைத் தாங்கிக்கொள்ள ஸ்டாண்டு வைக்கவில்லை. ஒரு நிமிஷ வேலைதானே என்றான். சின்ன வயதிலிருந்து அதற்காக அவனை எத்தனையோ தடவை திட்டியிருக்கிறேன். ஜாக்கியை நம்பி யாரும் அடியில் போகக்கூடாது. அன்று திட்டவில்லை. அப்போது நான் பானெட்டைத் தூக்கி முன்சட்டத்தில் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்திருந்தேன்.

ஒன்று, பூஜ்யம், ஆறு என்று ஆரம்பித்தது. அது என் எண் இல்லை.

இது என்ன என்பது உங்களுக்குப் புரிய வேண்டும். இன்னொரு காரின் உடம்பில் என் காரின் பெயரை எழுதி வைத்திருக்கிறார்கள். எங்கள் உலகில் இதைவிடக் கேவலமான காரியம் கிடையாது. செத்தவனின் சட்டையைப் போட்டுக்கொண்டு ஒருவன் அவன் வீட்டுக் கதவைத் தட்டுவது மாதிரி. நான் சத்தம் போடவில்லை. முன்பக்கம் எங்கே கிடைத்தது என்று அடியில் இருந்தவனைக் கேட்டேன்.

"ஓஹையோல ஒரு வண்டிலேர்ந்துப்பா. நம்மளது தொட்டா உதிருது." அவன் சிரித்தான். "சொல்லாம தப்பிச்சுடலாம்னு பாத்தேன். ஒங்க கிட்டயா நடக்கும்."

எவ்வளவு எடுத்தாய் என்று கேட்டேன். தேவையான அளவு என்றான்.

"மிச்சத்த என்ன பண்ணே?"

"வெட்டிப் போட்டாச்சு. இத்துப்போன இரும்புதானப்பா."

சேற்றில் கிடந்தாலும் அது என் வண்டி. அத்தனை வருடம் எங்கேயோ ஒரு களஞ்சியத்தில் பொறுமையாக இருந்திருக்கிறது. இவன் போய் அதைக் கண்டுபிடித்து, துண்டு துண்டாக வெட்டி, அதன் தகட்டை மட்டும் பிடுங்கி இன்னொன்றின் நெற்றியில் அடித்துக்கொண்டு வந்து, பரிசு என்கிறான். ஒரே வண்டியை அவன் இரண்டு முறை என்னிடமிருந்து எடுத்துக்கொண்டான் என்று எனக்குத் தோன்றியது. அப்படித் தோன்றியது நியாயமா என்று கேட்காதீர்கள். தோன்றியது.

அவன் கியர்பாக்ஸ் எண்ணைப் படித்தான். ஒவ்வொன்றாக, பேருந்தில் குழந்தைகளை எண்ணுகிற மாதிரி. ஒன்று. நான்கு. ஒன்பது. இரண்டு. இரண்டு. ஏழு. கியர்பாக்ஸை யார் வேண்டுமானாலும் மாற்றலாம்.

"சரியா இருக்கா? பின்னாடியும் போய்ப் பாருங்கப்பா, டிக்கி ரப்பரத் தூக்கி..."

ஜாக்கியின் கைப்பிடி என் பக்கம்தான் இருந்தது. அதை இடப்புறம் திருப்பினேன்.

வேகமாகத் திருப்பவில்லை. கை தவறவும் இல்லை. எந்தப் பக்கம் திருப்பினால் என்ன ஆகும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அவ்வளவுதான். இதைத்தான் நீங்கள் கேட்டீர்கள்.

டார்ச்சை அணைத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குள் போனேன். ஐரீன் மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"நம்ம வண்டிதானா, லென்?"

இல்லை என்றேன். அவள் முகம் வாடிப்போயிற்று. டேரனுக்குத் தெரியுமா, அவன் மனசு என்ன பாடுபடும் என்று கேட்டாள். சொல்லிவிட்டேன் என்றேன். "அவன் வரட்டும், ஒரு வார்த்த நல்லதா பேசு" என்று சொல்லிவிட்டு ஒரு தட்டில் கேக் வைத்துக் கொடுத்தாள். சாப்பிட்டேன். நடந்ததிலேயே இதைச் சொல்லத்தான் எனக்குக் கூச்சமாக இருக்கிறது. டேரனின் பங்கை எடுத்துக்கொண்டு டெஸ்தான் ஷெட்டுக்குப் போனாள்.

உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருந்தால் ஒருவேளை பிழைத்திருப்பான் என்று மருத்துவர் எழுதியதைக் காலையில் நீங்கள் படித்துக் காட்டினீர்கள். அது எனக்குத் தெரியாது. நான் மருத்துவன் இல்லை.

டெஸ் சொன்னதையும் படித்தீர்கள். இரண்டு குளிர்காலம் வாடகை ஷெட்டில் படுத்துக்கிடந்து வெல்டிங் கற்றுக்கொண்டானாம். முன்பக்கம் மட்டும்தான் வேறு வண்டியுடையதாம். தரை, கூரை, கதவுகள், பின்பக்கம் எல்லாம் பழையபடியே இருக்கிறதாம். "அப்பாவோட கை பட்டது ஒண்ணையும் தூக்கிப் போடக்கூடாது" என்று ஒரு கை அகல இரும்புத் துண்டுக்காக ஒரு மாதம் போராடினானாம். அவள் விதவை. அப்படித்தான் பேசுவாள். எனக்கு அவள்மேல் வருத்தம் இல்லை.

தகட்டை மட்டும் மாற்றுகிறவனுக்கு முழங்கை வரை தீக்காயம் எதற்கு என்று நீங்கள் கேட்டீர்கள். யோசித்துப் பார்த்தேன். கதவின் சத்தத்தைப் பற்றியும் யோசித்தேன். அந்தச் சத்தத்தில் நான் எப்படி ஏமாந்தேன் என்று இன்னும் விளங்கவில்லை. ஆனால் காது ஏமாறும். எண் ஏமாற்றாது.

நான் எல்லா இடத்தையும் பார்க்கவில்லை, சார்ஜென்ட். வாழ்க்கையில் ஒரே ஒரு வண்டியில் அப்படிச் செய்துவிட்டேன். அது ஒன்றுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது.

வண்டி உங்கள் ஸ்டேஷன் முற்றத்தில்தான் நிற்கிறது என்று சொன்னீர்கள். யாரையாவது அனுப்புங்கள். டிக்கியைத் திறந்து, வலது பக்க ரப்பரை மெல்லத் தூக்கச் சொல்லுங்கள். இரும்பு பிரஷ் வைத்துத் தேய்க்கக்கூடாது, துணி போதும். டார்ச்சைச் சாய்த்துப் பிடிக்கச் சொல்லுங்கள். அது என் எண்ணாக இருக்காது. இருக்காது என்று தெரிந்ததும் ஐரீனிடம் சொல்லுங்கள், அவள் புரிந்துகொள்வாள். ஆறு எண்கள்தான். யாராவது போய்ப் பார்த்துவிட்டு வந்து எனக்கு வாசித்துக் காட்டுங்கள்.