மழையில் மூடாத கதவு

காவல் நிலையத்திலிருந்து இந்த மழையில் மலையேறி வந்திருக்கிறீர்கள். முதலில் சூடாக வெல்லத் தண்ணீர் குடியுங்கள். மழையில் வந்தவருக்குக் கதவு மூடாத வீடு இது. என் தாத்தா காலம் முதல் இந்தப் பள்ளத்தாக்கில் எங்களுக்குள்ள மரியாதை அதுதான்.

என் மகள் ரோசால்பாவைப் பற்றித்தானே கேட்கிறீர்கள்? பின்னாலுள்ள ஓடையில் கண்ணாடித் தவளை உண்டு, கட்டைவிரல் நகமளவு. அடிவயிற்றுத் தோல் வழியே இதயம் துடிப்பது தெரியும். அதை ஆராயத் தலைநகர் கித்தோவிலிருந்து ஒருவன் வந்தான். அவனுக்கு இவள் இலை இலையாகத் தேடிக் காட்டினாள். அவன் போய்விட்டான். சில மாதங்களில் இவள் வயிறும் எதையும் மறைக்கவில்லை.

பாலாடைக்கட்டி வைக்கும் அறையில் அவளை இருக்கச் சொன்னேன். வீட்டுக்குப் பின்னால் மலைச்சரிவுக்குள் தோண்டிய அறை, ஜன்னல் கிடையாது. ஆனால் கட்டிலும் கம்பளியும் போட்டேன். அத்தை வீட்டுக்குக் கித்தோ போயிருப்பதாக ஊரில் சொன்னேன். சாவி என் இடுப்பில் இருந்தது. சாப்பாடு நானே கொண்டுபோனேன்.

"அந்தத் தவளைல அப்பன்தான் முட்டைக்குக் காவல். இலைய விட்டு நகராது. நீ காட்டினதுதானே," என்று ஒருமுறை அவளிடம் சொன்னேன்.

"பொரிச்சதும் குஞ்சு தண்ணில குதிச்சுப் போயிரும்ப்பா. அப்பன் தடுக்காது," என்றாள்.

அவளுக்கு எப்போதும் வாய் அதிகம்.

போன வாரம் ஒரு மாலை ஓடை பொங்கியது. கீழ்வீட்டுக்காரர்கள் நனைந்துகொண்டு மேலே ஏறி வந்தார்கள். கதவைத் திறந்து, அடுப்பை மூட்டி, வெல்லத் தண்ணீர் கொடுத்தேன். அப்போது பின்னறையில் தட்டும் சத்தம். ஓடையின் இரைச்சலில் குரல் எடுபடவில்லை. தட்டுவது மட்டும் கேட்டது.

"என்ன தோன் அபுந்தியோ, பின்னால யாரு?" என்றாள் பக்கத்து வீட்டு எர்மெலிந்தா.

"கன்னுக்குட்டி. இடிக்குப் பயப்படுது."

"உங்க வீட்டுக் கன்னுக்குட்டிகூட மரியாதையா கதவத் தட்டுதே."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

போய்ப் பார்த்தேன். அறைக் கதவின் அடியில் உள்ளேயிருந்து சேற்றுத் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. சாவியைக் கையில் எடுத்தேன். திறந்தால், அந்த வயிற்றோடு அவர்கள் நடுவே வந்து நிற்பாள். சாவியை இடுப்பிலேயே செருகிக்கொண்டு, கோணியை மடித்துக் கதவடியை அடைத்தேன். விருந்தாளிகளின் கால் நனையக் கூடாது. பிறகு எல்லோருக்கும் இன்னொரு சுற்று ஊற்றினேன். கொஞ்ச நேரத்தில் கன்றுக்குட்டி அடங்கிவிட்டது.

தண்ணீர் வடிந்த பிறகு ஓடைக்கரையில் அவளை நானேதான் புதைத்தேன். எழுதிக்கொள்ளுங்கள். கூடவே இதையும் எழுதுங்கள்: மழையில் என் கதவைத் தட்டிய ஒருவரையும் நான் வெளியே நிற்க விட்டதில்லை.